ஷேர்லி சேச்சியின் இரண்டு இடங்கள்

ஷேர்லியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் எங்கள் மலையாளச் சர்ச்சுக்கு வாருங்கள். வரிசையில் நின்று சொல்வார்கள். பிரசவம் பார்க்க ஓடி வந்தாள், பனியில் மாட்டின காரைத் தள்ளிவிட்டாள், புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை ஆறு மாதம் வாடகையில்லாமல் விட்டாள் என்று ஆளாளுக்கு ஒரு கதை இருக்கும். எல்லாம் உண்மைதான். அதுதான் என் தொல்லையே. பொய்யாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

இருபத்தைந்து வருடமாக அவளுக்கு ஓரடி பின்னால் நடக்கிறவள் நான். டெல்லி ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்கு நான் பெட்டியோடு போய் இறங்கியபோது, ஜன்னலோரக் கட்டில் அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் விட்ட சுவரோரக் கட்டில் எனக்கு. அவள் அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் கழித்து நான் வந்தேன். நானுவெட் என்ற ஊரில் அவள் காலி செய்த இரண்டறை வீட்டில்தான் நானும் என் புருஷன் சாஜனும் குடிபோனோம். முதல் குளிர்காலத்துக்கு அவளுடைய பழைய கோட்டு. ஆஸ்பத்திரியில் அவள் பகல் ஷிப்டின் பொறுப்பு நர்ஸாக உயர்ந்தபோது, அவள் இருந்த பகல் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றையும் அவள் சிரித்த முகத்தோடுதான் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் நான் சிரித்த முகத்தோடுதான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாஜனிடம் எரிந்து விழுவேன். "குடுத்தாலும் திட்டுற, குடுக்கலேன்னாலும் திட்டுவ. பாவம், அந்தப் பொம்பள என்னதான் பண்ணுவா?" என்பார். சப்வே ரயில் ஓட்டுகிற மனிதருக்கு எல்லாமே நேர்ப்பாதைதான்.

ஷேர்லிக்கு ஒரே ஒரு கோணல் உண்டு. கையில் இருப்பதை விடமாட்டாள். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், நான் அப்போது கூட இருந்தேன். டெல்லியில் அவளுக்குச் சவூதி ஒன்று, குவைத் ஒன்று என்று இரண்டு வேலை வந்தது. குவைத் ஏஜண்ட் தேன் ஒழுகப் பேசினான், சவூதியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் ஏஜண்ட் ஆளையே காணோம். நாட்டில், பாலா என்ற ஊர்ப் பக்கத்தில், அவள் அப்பா அடுத்தவன் தோட்டத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார், கீழே மூன்று தங்கைகள். மறுபடி ஒரு வெளிநாட்டு வேலை வருகிறவரை இரண்டு வருடம் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அழுவாள். அதிலிருந்து ஒன்றை விடுவதற்கு முன்னால் இன்னொன்று கைக்குள் வந்தாக வேண்டும். இன்றைக்கும் காஸ்ட்கோ கடையில் பணம் கட்ட ஒரு வரிசையில் அவள் நிற்பாள், பக்கத்து வரிசையில் புருஷன் பாபிச்சனை நிறுத்துவாள். எது முதலில் நகர்கிறதோ அதில் போய்ச் சேர்ந்துகொள்வாள். பின்னால் நிற்கிற வெள்ளைக்காரர்கள் முறைப்பதை அவள் கண்டுகொள்வதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் நர்ஸாக இருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் ஒரே நோய், அந்த ஏழு வருடப் படிப்பு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்லூரிக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்தே இடம் தந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நாலு வருடம் கல்லூரி, பிறகு ஒரு கொலைகாரப் பரீட்சை, பிறகு வாசல் வாசலாக விண்ணப்பம். பதினேழு வயதில் இந்த ஒரு வாசலைத் தாண்டிவிட்டால் போதும், பிள்ளை டாக்டர்தான். ஒரு கல்லூரிக்கு ஆயிரத்து நானூறு பேர் எழுதிப்போட்டால் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். நேற்று மீசை முளைத்த டாக்டர்கள் எங்களைப் பார்த்து "ஏன் இன்னும் மருந்து குடுக்கல?" என்று கேட்பதை இருபது வருடமாகக் கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு அந்தப் பன்னிரண்டு இடமும் சொர்க்கத்துக்குள் இருக்கிற பன்னிரண்டு நாற்காலி.

இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. யாரும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கர்ப்பம் மூன்று மாதம் தாண்டாமல் சொல்லாத மாதிரி, இடம் கிடைக்கிறவரை பிள்ளை எங்கே எழுதிப்போட்டிருக்கிறது என்று சொல்லமாட்டோம். கேட்டால் "சும்மா பயாலஜி, பக்கத்துக் காலேஜ்" என்போம். அக்டோபர் முழுவதும் வீடு வீடாக ஜெபமாலை நடக்கும். விண்ணப்பம் போடுகிற காலமும் அதுதான். போன வருடம் எங்கள் வீட்டு முறையன்று பாதிரியார் அச்சன் செபக் கருத்துகளை, யார் எதற்காக வேண்டச் சொன்னார்கள் என்ற சீட்டுகளை, வாசித்தார். "ஒரு விசேஷக் கருத்துக்காக" என்று எட்டுச் சீட்டு. எட்டு அம்மாக்களும் தலையைக் குனிந்துகொண்டோம். எட்டுக்கும் கருத்து ஒன்றுதான். ஒருத்தியின் செபம் பலித்தால் மற்ற ஏழு பேருக்கும் நாமம். மாதா யார் பக்கம் சாய்வாள், பாவம்.

அன்றைக்கு ஷேர்லி மட்டும் சம்பிரதாயத்தை உடைத்தாள். கட்லெட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"எதுக்கு ஒளிக்கணும்? என் ஹன்னா ஏழு இடத்துக்குப் போட்டிருக்கா. எல்லாரும் அவளுக்காக வேண்டிக்குங்க." அப்புறம் நேராக என் பக்கம் திரும்பினாள். "பின்ஸி, நம்ம நிவ்யாவும் போட்டிருக்காளா?"

அறையே என்னைப் பார்த்தது. என் மகள் நிவ்யா நாலு இடத்துக்குப் போட்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதியோர் இல்லத்தில் சனி ஞாயிறு பார்க்காமல் வேலை செய்தவள். அவள் எழுதின கட்டுரையைப் படித்து நான் குளியலறையில் போய் அழுதிருக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஐயோ, அவளா? ரத்தத்தப் பாத்தாலே மயங்கி விழுவா சேச்சி. ஏதோ பார்மஸி அது இதுன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நான் பிள்ளையப் போட்டு அழுத்துறதில்ல."

கடைசி வாக்கியம் ஷேர்லிக்காகவே சொன்னது. அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது, எனக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. சமையலறை வாசலில் நிவ்யா தண்ணீர்க் குவளையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு கல்லூரியின் நேர்முகத்துக்கு வடக்கே மூன்று மணி நேரம் போக வேண்டியிருந்தது. ஹன்னாவுக்கும் அதே கல்லூரியில் நேர்முகம் என்று ஷேர்லி சொல்லியிருந்ததால், வேறு தேதி கேட்டு வாங்கினேன். அவளிடம் பிலடெல்பியாவில் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் கிளம்பினோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில் நிவ்யா கேட்டாள்.

"மம்மி, நாம என்ன திருடவா போறோம்?"

"வாய மூடிக்கிட்டு கேள்விக்குப் பதில் யோசி."

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. நிவ்யாவுக்கு மூன்று இடத்தில் இல்லை. வடக்குக் கல்லூரியில் மட்டும் காத்திருப்போர் பட்டியல். ஹன்னாவுக்குப் பென்சில்வேனியாவில் ஒன்று, வடக்கே ஒன்று, ஆக இரண்டு. அன்று சாயந்திரமே ஷேர்லி ஒரு பாத்திரம் பாலடைப் பாயசத்தோடு என் வீட்டு வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் ஈரம்.

"பின்ஸி, முதல்ல உனக்குத்தான் கொண்டுவந்தேன்டி. டெல்லியில நாம பட்ட பாடு எவளுக்குத் தெரியும்?"

கட்டிப்பிடித்தேன். வாழ்த்தினேன். அவள் கார் திரும்பினதும் பாயசத்தைத் தொட்டியில் கொட்டப் போனேன். சாஜன் பிடுங்கிக்கொண்டுபோய் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமில்லை, அப்படியே எரிந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு இடம் போதாதா? மாதா அவளுக்கு மட்டும் இரண்டு கையாலும் அள்ளிப் போடுவாளா? அடுத்த இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன வேலையை எல்லாம் ஒரு நிமிடம் தாமதமாகச் செய்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நிவ்யா ஒவ்வொரு திங்கட்கிழமையும் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மூன்றாவது வாரம் அங்கிருந்த அம்மாள் இரக்கப்பட்டு ஒரு விஷயம் சொல்லிவிட்டாள். பட்டியலில் முதல் பெயர் நிவ்யாவுடையது. யாராவது ஒருத்தர் விட்டால் போதும், இவளுக்குத்தான்.

நிவ்யா போனை வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "மம்மி! ஹன்னா பென்சில்வேனியாதான் போகப்போறாளாம், இன்ஸ்டாகிராம்ல போட்டிருக்கா. வடக்க இருக்கிறத அவ விட்டா எனக்குத்தான். கேட்டுப் பாக்கட்டுமா?"

"வாயத் தெறந்தா பாரு."

"ஏன் மம்மி? ஹன்னா நல்லவ. ஷேர்லி ஆன்ட்டி உடனே விட்டுடுவாங்க."

"அதான் சொல்றேன். அவங்க போட்ட பிச்சையில நீ டாக்டராகணுமா? ஏழு வருஷமும் சர்ச்சுல சொல்லுவா, 'எங்க ஹன்னா வேண்டாம்னு விட்டத நிவ்யா எடுத்துக்கிட்டா'ன்னு. அவங்களே தானா விடுவாங்க. விதியே அப்படித்தான், ரெண்ட வச்சுக்கக்கூடாது. நீ யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் கையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நல்ல பிள்ளை. அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

மே முதல் தேதிக்குள் ஒரு இடத்துக்கு மட்டும் உறுதிப்பணம் கட்ட வேண்டும். ஷேர்லி இரண்டுக்கும் கட்டினாள். பென்சில்வேனியாவின் உதவித்தொகைக் கடிதம் இன்னும் வரவில்லை, அதனால்தான் என்றாள். எனக்குத் தெரிந்துபோனது. மறுபடியும் காஸ்ட்கோ வரிசை. ஆனால் இந்த முறை பின்னால் நிற்பவள் என் பெண். கல்லூரிக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்து, இவர்கள் இரண்டு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று எண்ணைப் போட்டேன். மணி அடித்தது. "ஹலோ" என்ற குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். ஹன்னா பிறந்தபோது அவளை முதலில் துணியில் சுற்றியவள் நான்தான். அது குறுக்கே வந்து நின்றது.

மே மாதம் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்கள் இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவோம், அன்றைக்கு அவள் வண்டி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சிக்னலில் நின்றபோது ஷேர்லி ஆரம்பித்தாள்.

"பென்சில்வேனியா லெட்டர் வந்துடுச்சுடி. முழு உதவித்தொகை."

"சந்தோஷம் சேச்சி."

"அப்போ அந்த இன்னொண்ண விட்டுடணும். மனசு உறுத்துது. ஏதோ ஒரு பிள்ளை அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்." சிக்னல் விழுந்தது, வண்டியை எடுத்தாள். "ஆனா பாபிச்சன் சொல்றாரு, ஜூன்ல அங்க போயி பேரு எழுதி அட்டை வாங்குற வரைக்கும் வச்சுக்கலாம்னு. எனக்கும் பயம்தான். உனக்குத் தெரியாததா? குவைத்துக்காரன நம்பி நான் நின்ன நிலைய நீதானே பாத்த."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு பின்ஸி. நம்ம பிள்ளைங்க யாராச்சும் அந்த லிஸ்ட்ல இருக்கா? எல்லாரும் வாயத் தெறக்க மாட்டேங்குறாளுங்க. உனக்குக் கண்டிப்பாத் தெரியும். இருந்தா சொல்லு, இப்பவே மெயில் போட்டு விட்டுடறேன். நம்ம பிள்ளைக்குன்னா எனக்குப் பயமெல்லாம் கெடையாது."

அவள் கட்டைவிரல் போன் மேல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'நிவ்யா' என்று மூன்று எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது. அப்போது எனக்கு ஏன் அந்தக் கோட்டு ஞாபகம் வர வேண்டும்? கைமடிப்பில் அவள் பெயரை மையால் எழுதியிருந்த அந்தக் கோட்டு. இரண்டு குளிர்காலம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போது என் பெண்ணுக்கும் அவள் பெண் கழற்றிப் போட்டதா? அதோடு, அக்டோபரில் எல்லார் முன்னாலும் சொன்ன பொய். இவள் முகத்தைப் பார்த்து 'நான் பொய் சொன்னேன்' என்று எப்படிச் சொல்வது? 'விட்டுடுங்க சேச்சி, பாவம் யாரோ பிள்ளை' என்று மொட்டையாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னாலும் அவள் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று பயந்தேன். நோயாளியின் மூச்சை வைத்தே நோயைச் சொல்கிறவள் அவள். எப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் தானாக விடத்தான் போகிறாள், நான் ஏன் தாழ்ந்துபோக வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல சேச்சி. நீங்க வச்சுக்குங்க. ஏன் அவசரப்படுறீங்க?"

"சத்தியமா?"

"ஆமா சேச்சி."

பெருமூச்சு விட்டாள். போன் பைக்குள் போனது. "நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

ஜூன் முதல் தேதி நிவ்யாவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு இடமும் நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியல் மூடப்பட்டது, வாழ்த்துகள். அவள் அழவில்லை. அறைக்குள் போய், முதியோர் இல்லத்தில் போடுகிற நீலச் சட்டையை மடித்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து பக்கத்துக் காலேஜில் பயாலஜி படிக்கச் சேர எழுதிக் கொடுத்தாள். ஷேர்லி மட்டும் வேளையோடு விட்டிருந்தால் என்று அவளைச் சபித்தபடி மூன்று வாரம் பாத்திரம் துலக்கினேன். என் பொறாமைக்குள் ஒரு நியாயமும் புகுந்துகொண்டதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது.

ஜூன் கடைசி ஞாயிறு ஷேர்லி வீட்டுப் பின்தோட்டத்தில் ஹன்னாவுக்கு விருந்து. கூடாரம், கப்பைக்கிழங்கு, மீன்கறி, மாட்டிறைச்சி வறுவல், பாதி சர்ச்சும் அங்கேதான். ஹன்னா ஏதோ ஒரு வெள்ளைக் கோட்டுப் போட்ட அட்டைப் பொம்மை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சாஜன் இரண்டாவது தட்டுக்குப் போயிருந்தார். நானும் நிவ்யாவும் ஷேர்லியோடு ஒரே மேசையில் இருந்தோம், கூட நாலைந்து அம்மாக்கள். யாரோ கேட்டார்கள், வடக்குக் கல்லூரி இடம் என்னவாயிற்று என்று.

ஷேர்லியின் முகம் வாடியது. "அத ஏன் கேக்குற? பதினாலாம் தேதி விட்டேன். அந்தப் பொம்பள சொல்றா, லிஸ்ட்ட ஒண்ணாம் தேதியே மூடிட்டாங்களாம். இந்த வருஷம் பதினொரு பேருதானாம். அந்த இடம் யாருக்கும் இல்லாம சும்மா கெடக்கு. நினைச்சா தூக்கம் வரல. மே மாசமே விட்டிருப்பேன். போனக் கையில எடுத்துட்டேன். பின்ஸிதான் நம்ம பிள்ளைங்க யாரும் இல்ல, வச்சுக்குங்கன்னா. அவ சொன்னா நான் தட்டமாட்டேன்."

என் பக்கத்தில் நிவ்யா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி மம்மிகிட்ட கேட்டீங்களா?"

"ஆமா மோளே. கார்லயே வச்சுக் கேட்டேனே."

"லிஸ்ட்ல யாராச்சும் இருக்காங்களான்னா?"

"ஆமாடா. ஏன்?"

நான் மேசைக்கடியில் நிவ்யாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். கத்தவில்லை. மரியாதையாக, முதியோர் இல்லத்துப் பாட்டிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"நான்தான் ஆன்ட்டி இருந்தேன். முதல் பேரு என்னோடது."

ஷேர்லி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் பிழைத்திருப்பேன். புரியாமல் பார்த்தாள், அவ்வளவுதான்.

"ரத்தத்தப் பாத்தா மயங்கி விழுவான்னு சொன்னியேடி?"

ஷேர்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மேசையைச் சுற்றி ஓடி வந்தாள். "என் பொன்னு மோளே, ஒரு வார்த்தை நீயாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா" என்று சொல்லி நிவ்யாவை வாரி அணைத்தாள். அவள்தான் முதலில் அழுதாள்.

அப்போதுதான் நிவ்யாவும் அழுதாள். மார்ச்சில் மூன்று இடமும் இல்லை என்றபோது அழாதவள், ஜூனில் கடிதம் வந்தபோது அழாதவள், ஷேர்லியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் எழுந்து "நிவ்யா" என்றேன். முதுகைத் தொட்டேன். அவள் தலையைத் திருப்பாமல் ஷேர்லியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கட்டில், கோட்டு, பகல் வேலை, இரண்டு இடம் என்று இத்தனை வருடம் எதெதற்கோ அவள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அந்தக் கூடாரத்துக்குள் நின்றபோது தெரிந்தது. என் பிள்ளை அழுவதற்கு அவளிடம் போயிருந்தாள்.